சாத்திய கதவுக்கு வெளியே

அந்த நர்சம்மாவை நினைத்தால், முகத்துக்கு முன்னால் அவர் கதவைச் சாத்தியதுதான் எனக்கு நினைவுக்கு வரும். மலைமேல் எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்குப் பச்சைக் கதவு. அடிப்பக்கம் மழையில் ஊறி உப்பியிருக்கும், சுலபத்தில் சாத்த வராது. காலால் ஒரு தள்ளு தள்ளி, என்னை வெளியே விட்டுவிட்டு, என் மகளோடு அவர் உள்ளே இருந்துகொண்டார்.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. நாற்பதைத் தாண்டி எனக்குப் பிறந்த ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினம் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும் சர்க்கரை. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் ஈர மணல் போட்ட சட்டிக்குள் மருந்தை வைத்திருப்போம். மாதம் ஒருமுறை மருந்து வாங்கப் போவோம். அந்த வருஷம் புதிதாக வந்த நர்சம்மா, நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் மனசையும் விசாரிக்க வேண்டும் என்றார். "தூக்கம் வருதா பாப்பா? எதுலயாவது மனசு போவுதா?" என்று ஆரம்பித்தார். அவள் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "நல்லாத் தூங்குறாம்மா. ஒரு கொறையும் இல்ல." நாலு பேர் முன்னால் எனக்கே பேச்சு வராது. அவளும் என்னைப் போலத்தான் என்று, அவளுக்காக மட்டும் நான் பேசிப் பழகியிருந்தேன்.

"உங்கள கேக்கலியேம்மா. உங்களுக்கு சக்கர வந்தா உங்கள கேக்குறேன். கொஞ்சம் வெளிய குந்துங்க," என்று சிரித்தார்.

எங்கள் ஊரில் வயசுப் பெண்ணை உள்ளே வைத்து நர்சு கதவைச் சாத்தினால் ஒரே அர்த்தம்தான். பெஞ்சில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, எத்தினி மாசமாம்?" என்று கேட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் வீடு சேருமுன் அந்தப் பேச்சு சேர்ந்துவிட்டது. மகளின் அப்பா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே மருந்த நானே வாங்கினு வர்றேன். அவ அங்க போவக் கூடாது," என்றார்.

மறுநாள் களத்தில் சாமை தூற்றும்போது மகள் கிட்டே வந்து நின்றாள். "அந்தம்மா கடைசியா ஒண்ணு கேட்டுச்சி. நான் பதில் சொல்லல," என்றாள். இன்னாது என்றேன். உமியை ஊதிக்கொண்டே இருந்தாள். "அதுங்கிட்டதாம்மா சொல்லணும்."

முறத்தைப் போட்டுவிட்டு, அவள் அப்பாவுக்குச் சொல்லாமலே அவளைக் கூட்டிப் போனேன். இந்த முறை நானாகவே வெளியே உட்கார்ந்தேன்.

நர்சம்மா வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினார். "அவளே சொல்லச் சொன்னா, அதான் சொல்றேன். சாவலாம்னு தோணுதான்னு கேட்டேன். ரொம்ப நாளாத் தோணுதுன்னா. ஊசியும் சில நாளு வேணும்னே போடாம உட்டுருக்கா."

நோயுள்ள பிள்ளையிடம் அந்த வார்த்தையை நாங்கள் சொல்லவே மாட்டோம். "அத ஏம்மா கேட்டீங்க? கேட்டா நெனப்பு வந்துடாதா?" என்றேன்.

"கேட்டு வர்றதில்லம்மா. முன்னயே வந்து கெடக்கு. அந்த நெனப்போட இவ தனியா கெடக்குறா."

அன்றைக்கே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே எங்களோடு வந்தார். அதன்பிறகு நெடுநாள் மனசு டாக்டரிடம் அலைந்தோம். அவள் அப்பாவும் வந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதும் எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கேட்கத்தான் செய்கிறார்கள். வரிசையில், அம்மாக்களை வைத்துக்கொண்டே. பிரஷர் மாத்திரைக்குப் போகும்போது பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெண்பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றாள். "நல்லாகீறாம்மா," என்றாள் அவள் அம்மா. இருவரும் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் போளூரில் தையல் கடையில் இருக்கிறாள். போன் பேசினால் சோறு, மழை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்கிறேன். "சாவலாம்னு தோணுதா பாப்பா?" பல நாள், "போம்மா, உனக்கு வேற வேலயில்ல," என்று சிரிப்பாள். போன வாரம் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"இன்னிக்கி இல்லம்மா," என்றாள்.