வண்டிக்கடியில் உளுந்துச் செடி

விழுப்புரத்தில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, திண்டிவனம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடிமேல் ஏறிவந்த கார் ஒன்று என்னைத் தாண்டியது. கூடவே சருகு கருகும் வாசனை. கத்திக் கைகாட்டி நிறுத்தினேன்.

அந்த வாசனை எனக்குப் பழக்கம். சின்ன வயதில் பிரம்மதேசம் பக்கம் இருந்தோம். அம்மாவுக்கு அறுப்புக்கூலி, உளுந்தில் ஒரு பங்கு. களம் கிடையாது. தார்ச்சாலையில் செடியைப் பரப்பி, மணி உதிரட்டும் என்று, வருகிற வண்டிகளை மேலே ஏறிப் போகச்சொல்லிக் கையாட்டுவாள்.

ஒருநாள் வாடகைக் காரின் அடியில் செடி சுற்றித் தீப்பிடித்தது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். பதற்றத்தில் அவளுக்குக் கதவைத் திறக்க வரவில்லை.

"ஏம்மா, என் வண்டி இன்னா கதிரடிக்கிற மெஷினா?" என்று டிரைவர் கத்தினார்.

"சும்மா போற வண்டிதான, மிதிச்சா தேஞ்சா பூடும்?" என்றபடியே அம்மா எங்கள் கூழ்ப்பானையைத் தூக்கிவந்து நெருப்பில் வீசி ஊற்றினாள். அணைந்தது. அன்று பகல் பட்டினி. மறுநாளும் அங்கேயேதான் பரப்பினாள். வேறு இடமில்லை.

இப்போது நான் நிறுத்திய கார்க்காரர் இறங்கிக் குனிந்தார். சைலன்சரில் செடி கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. குச்சியால் இழுத்துப்போட்டேன்.

"அறுப்பு மாசம் சார். ஒதுங்கிப் போங்க. ஏறிட்டா, நிறுத்திக் குனிஞ்சி பாருங்க."

"நீ மெக்கானிக்கா?"

"இல்ல சார், உளுந்து பரப்புனவன்."

மறுநாள் காலை திண்டிவனத்தில் கார் கழுவும் கடையொன்றில் வேலை கேட்டேன். வண்டிக்கடியில் படுத்துச் சுத்தம்செய்யும் வேலை கொடுத்தார்கள்.