ஆற்றங்கரையில் பெண் பார்த்த நாள்

மகள் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். தேம்ஸ் ஆற்றோரம் ஏதோ ஒரு கிராமம். பக்கத்தில் தோளில் கை போட்டபடி ஒரு பெடியன். எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் பரவாயில்லை, சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். "பெடியன் ஆர்?" என்று ஒரு மாமிகூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலை உங்களிடம்தான் கொட்ட வேண்டும். இதே மாதிரி ஓர் ஆற்றங்கரைக்கு நாங்கள் போன லட்சணத்தைக் கேளுங்கள்.

அப்போது லண்டனில், மோர்டன் பக்கம் இருந்தோம். அக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. இரண்டு சம்பந்தம் வந்து, பெண் பார்த்து, முறிந்துபோயிற்று. முறிந்ததைவிட, மாதா கோயில் வாசலில் பூசை முடிய நின்று சனம் அதைக் கதைத்ததுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஹரோவிலிருந்து மூன்றாவது சம்பந்தம் வந்தபோது, "இந்த முறை ஒரு தமிழ்ச் சனமும் காணாத இடத்திலதான் பாக்கிறது" என்றார். நாளும் அவரே வைத்தார். எங்கள் கோயில்காரர் பஸ் பிடித்துக் கடற்கரைக்குச் சுற்றுலா போகிற சனிக்கிழமை. அக்காவுக்குக் காய்ச்சல், நாங்கள் வரவில்லை என்று சுற்றுலாவை நடத்துகிற திரேசா அன்ரிக்குச் சொல்லியாயிற்று.

வழிச் சாப்பாட்டுக்கு அம்மா விடிய ரோல்ஸ் பொரித்த மணம் என் கோட்டிலிருந்து போக ஒரு கிழமை எடுத்தது, அது வேறு கதை. நாங்கள் போய் இறங்கிய ஆற்றங்கரை ஊர் அப்படியொரு அமைதி. இருமக்கூடக் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆற்றைப் பார்த்துப் போட்டிருந்த மர வாங்கில் ஏற்கெனவே இருந்தார்கள். அக்கா மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. பிடித்துவிட்டது. பிடிக்காத இடத்தில்தான் அவள் நிறையக் கதைப்பாள்.

நாங்கள் கிட்டப் போவதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. எங்கள் கோயில் பஸ்தான். கடற்கரையில் மழையாம், இங்கே திருப்பிவிட்டார்களாம். பிரியாணிச் சட்டியோடு முதல் ஆளாக இறங்கியவர் திரேசா அன்ரி.

"காய்ச்சல் எண்டனீங்கள், பிள்ளை இஞ்ச நிக்குது" என்று அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சுகம். காத்து வாங்கக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்" என்றார் அம்மா.

"அந்த வாங்கில இருக்கிறதும் தமிழ் ஆக்கள் போல. தெரியுமோ?"

"முன்னப்பின்ன கண்டதில்லை."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அதே பயம்தான். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்க்கவென்று காரோடி வந்த இரண்டு குடும்பமும், பின்னேரம் வரைக்கும் அறியாத ஆட்களாக இருந்தோம். இப்படியும் சனம் இருக்குமா, சொல்லுங்கள்.

பாவம், மாப்பிள்ளைதான் எழும்பி வந்தார். "தண்ணி இருக்கோ?" என்று அக்காவிடம் கேட்டார். அவள் மடியிலேயே தண்ணிப் போத்தில் கிடக்கிறது. அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இல்லை" என்றாள். திரேசா அன்ரியின் பெறாமகள், தங்கச்சியின் மகள், ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், பிரியாணியும் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாளாவது யாராவது போன் எடுத்திருக்கலாம். அவர்கள் எடுக்கட்டும் என்று அம்மா இருந்தார், பெண்வீட்டார் எடுக்கட்டும் என்று அவர்கள் இருந்தார்கள். அடுத்த வருசம் அந்த மாப்பிள்ளைக்கும் அந்தப் பெறாமகளுக்கும் கலியாணம். எங்களுக்கும் கார்ட் வந்தது. அதற்குப் பிறகு அக்கா எந்தச் சம்பந்தத்துக்கும் சம்மதிக்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. திரேசா அன்ரி கனடாவில் மகனோடு. பூசை முடிந்ததும் ஆளாளுக்குக் கார் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அக்காவும் நானும்தான் கடைசியாக வெளியே வருகிறோம். அவளுக்கு ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்று கதைக்க வாசலில் இப்போது ஒருவரும் நிற்பதில்லை.