இயந்திரத்துக்குள் இறுகிய பொலித்தீன்

பொலித்தீன் எதோடும் ஒட்டாது. முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பழைய பொலித்தீன் பைகளையும் உமியையும் சேர்த்து உருக்கிப் பலகை செய்தோம். ஆணி அடித்தால் பிளந்து உமி உதிர்ந்தது. இரசாயனம் படித்தவள் என்று என்னை வேலைக்கு எடுத்தது அதைச் சரிசெய்யத்தான்.

வழி புதிதல்ல. மலேயிக் நீரிலி என்ற வெள்ளைப் பொருளை உருகும் பொலித்தீனில் கலந்தால் அது பொலித்தீனின் மூலக்கூற்றுச் சங்கிலியில் கிளைபோல ஒட்டிக்கொள்ளும். அந்தக் கிளைகள் உமியைப் பிடிக்கும். இந்தத் தாக்கத்தைத் தொடக்கிவிட மிகச் சிறிதளவு பரவொட்சைட்டு என்ற இரசாயனத் தூள் வேண்டும். அது கூடினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது.

அன்று தராசு பழுது. இயந்திரத்துக்குப் பொருள் போடும் அக்காவிடம் ஒரு தேக்கரண்டியைக் கொடுத்து, "பரவொட்சைட்டு இதில ஒண்டு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கரண்டியை விளிம்போடு மட்டமாக வழிக்கச் சொல்லவில்லை. இங்கே நெல்லை வழித்து அளப்பவரை ஒருவரும் மதிப்பதில்லை. குவித்துத்தான் அளப்போம்.

திரும்பி வந்தபோது இயந்திரம் முனகிக்கொண்டு நின்றது. உள்ளே உருகியதைத் தள்ளும் திருகுத் தண்டைச் சுற்றிப் பொலித்தீன் கல்லாகியிருந்தது. புகை கண்ணை எரித்தது.

"எவ்வளவு போட்டனீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

"ஒண்டுதான் தங்கச்சி. நல்லாக் குவிச்சு."

"ஏன் குவிச்சனீங்கள்?"

"வழிச்சுக் குடுக்க இதென்ன கூப்பனுக்கு அரிசி அளக்கிற கடையே?"

முதலாளி வந்து பார்த்தார். "அவாவை நாளையில இருந்து வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார் என்னிடம்.

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்கு எரிச்சல் முதலாளி மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

"தராசில்லாமல் வேலையைத் தொடங்கினது நான். அனுப்புறதெண்டால் என்னை அனுப்புங்கோ."

"உங்களை அனுப்பிப்போட்டு ஆரை வைச்சு உமியை ஒட்டவைக்கிறது?"

"அப்ப அவாவும் இருக்கட்டும். எனக்கு அளந்து தர ஆள் வேணும்."

முதலாளி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை அக்கா வந்தார். ஒருவரும் தடுக்கவில்லை. இரண்டு நாள் அக்காவும் நானும் திருகுத் தண்டைக் கழற்றி வைத்து உளியால் கொத்தினோம்.

"எல்லாருக்கும் முன்னால கத்தாமல், முதலாளியோட கதைச்ச மாதிரி என்னோடயும் கதைச்சிருக்கலாம்" என்றார் அக்கா, நிமிராமல்.

"ஓம்" என்றேன். அவர் உளியை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையை உதறினார். மிச்சத்தை நான் கொத்தினேன்.