அஞ்சம்மாள் அக்கா பார்த்துக் கொடுத்த படகு

செய்தி வந்தபோது நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் அஞ்சம்மாள் அக்காவின் மகள். "டீச்சரம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். வாய் நிறையப் பஞ்சு. "ஐயோ" என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. பஞ்சைத் துப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் பல்வலி என்று நினைத்து, கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

இன்று அக்காவின் படத்தைத் திறந்து வைக்கக் கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் அவரை மீன்காரம்மாவாகத் தெரியும். குரல் முன்னால் வரும், கூடை பின்னால் வரும். எங்கள் குடும்பத்துக்கு அவர் படகு பார்த்துக் கொடுத்தவர். அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தது பாதிதான்.

என் மாமனார் காலம் வரை நாங்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒன்றரை ஏக்கர் எங்களுக்குப் பட்டாவாக வந்தது. நிலம் வந்தது, வழி வரவில்லை. அங்கே போக ஒரே பாதை மிராசுதாரின் தென்னந்தோப்புக்குள். அதில் முள்வேலி போட்டுவிட்டார். கேஸ் நடந்தது. ஆட்சி மாறியது, தாசில்தார் மாறினார், வேலி மட்டும் அப்படியே நின்றது. இதற்கு நடுவில், நிலம் தரிசாகக் கிடந்தால் பட்டா ரத்தாகும், நேரில் பார்க்க வருவோம் என்று தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. "தரை வழி இல்லாட்டி என்ன, ஆறு அரசாங்கத்துதுதானே?" என்றார் என் கணவர். அப்படித்தான் படகுப் பேச்சு வந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர், ஊர் வாய்க்கு டீச்சர். முட்டை எண்ணிக்கொண்டிருந்தவளிடம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "கடலுக்குப் போறது எங்க வீட்டு ஆளு. தினம் எண்ணெய் வாங்கி ஊத்துறது நான். எந்தப் படகு எவ்வளவு குடிக்கும்னு என்னைக் கேளுங்க டீச்சர்."

நாகூர்ப் பக்கம் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு இருந்தது. நீலமும் மஞ்சளுமாகப் பளபளவென்று புதுப் பெயிண்ட். என் கணவர் பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டார். அக்கா பக்கத்தில்கூடப் போகவில்லை. "மாப்பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பவுடர்? மூஞ்சியில ஏதோ இருக்கு" என்றார். பிறகு போய், இன்ஜின் மாட்டும் பின்பலகையை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினார். சத்தம் மந்தமாக வந்தது, உள்ளே கட்டை ஊறிப்போயிருந்தது. மூன்றாவதாகப் பார்த்தது ஒட்டுப் போட்ட, நிறம் செத்த ஒரு படகு. அதைக் கரையேற்றி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே கசிகிறதா என்று அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டே, "அழகில்லை, ஆனா குடும்பத்துக்கு ஆகும்" என்றார். சொல்லும்போது என் கணவரைப் பார்த்துச் சிரித்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

இன்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது. "மணிக்கு ரெண்டு லிட்டர்தாங்க" என்றார் விற்றவர். "ஆள் ஏறாத படகு எண்ணெய் குடிக்காதுங்க" என்றார் அக்கா. எங்கள் வீட்டில் யார் கனம் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னையும் இன்னும் ஏழு பேரையும் நாலு மூட்டை மணலையும் ஏற்றினார். டேங்க்கைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு லிட்டர் அளந்து ஊற்றிய கேனை மாட்டினார். இன்ஜின் நிற்கும்வரை ஆற்றில் ஓட்டி, நின்ற இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு குச்சியை நட்டார். கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும் ஏற்றத்தில் ஒரு குச்சி, அது இறங்கும் வற்றத்தில் ஒரு குச்சி. பிறகு சொன்னார், வயலுக்குப் போக மூன்று லிட்டர். ஏற்றம் வரும் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். திரும்புவதற்கு ஆறே இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிடும்.

நடவு நாளன்று எட்டுப் பெண்கள், நாற்று முடிச்சுகள், நான், அக்கா. என் கணவர் இன்ஜினில். ரேஷன் எண்ணெயில் மிச்சம் இருந்தது அந்த மூன்று லிட்டர்தான். ஏற்றம் சரியாக வந்தது. ஆனால் ஆறு எதிர்த்து இறங்கியது. மேலே மழை பெய்து, கடைமடை ரெகுலேட்டரில் ஷட்டரைத் தூக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். தென்னந்தோப்புக்கு நேராக வந்தபோது இன்ஜின் இருமிவிட்டு நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பியது. பெண்கள் அலறினார்கள். அக்கா மூங்கிலை ஊன்றி ஊன்றி எங்களைக் கரையில் கொண்டுபோய் ஒட்டினார். அது மிராசுதாரின் கரை. காவல்காரர் கம்போடு வந்து நின்றார்.

அக்கா காலி கேனோடு இறங்கினார். "அண்ணே, எண்ணெய் தீந்துபோச்சு. ரெண்டு லிட்டர் குடுங்க, ஆத்தோட போயிடுறோம். இல்லைன்னா இத்தனை பேரும் நாத்தைத் தலையில வச்சுக்கிட்டு உங்க தோப்பு வழியாத்தான் நடந்து போவோம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

காவல்காரர் எங்களைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு பம்புசெட் கொட்டகைக்குப் போய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். மிராசுதார் எண்ணெயில் எங்கள் முதல் நடவு நடந்தது. இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தபோது வயல் பச்சையாக இருந்தது. பட்டா எங்களிடம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதை இதுதான். இதில் நீங்கள் சிரிக்கும் இடம், கரையில் வைத்து என் கணவர் "இத்தனை உசுரை வச்சுக்கிட்டு இதுவா கணக்கு?" என்று கத்தியதும், அக்கா "தப்பு என்னோடதுதாங்க. கடலைப் பார்த்தேன், ஆத்தைப் பாக்கல" என்று சொன்னதும். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் கேலி செய்தோம்! மீன் நிறுக்கும்போதெல்லாம், "இதுவும் அந்தப் படகுக் கணக்குதானா?" என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

உங்களுக்குத் தெரியாத பாதி இது: அக்கா ஆற்றையும் பார்த்தார். கிளம்பும் முன்னால் கேனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "டீச்சர், ஆத்துல தண்ணி ஏதும் விடுறாங்களா?" ரெகுலேட்டரில் வேலை பார்க்கும் லஸ்கர் முந்தின நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, காலையில் ஷட்டர் தூக்கப்போவதாகவும் பிள்ளைகளை ஆற்றில் இறங்க விட வேண்டாம் என்றும் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னால் அக்கா படகை எடுக்க விடமாட்டார். பறித்த நாற்று வாடும். அதிகாரி வந்து தரிசைப் பார்ப்பார். நான் "தெரியலையே அக்கா" என்றேன்.

கரையில் என் கணவர் கத்தியபோது அக்கா முதலில் என்னைத்தான் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் என் கணவர் பக்கம் திரும்பி, தப்பு என்னோடது என்றார். அன்றும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சாகும்வரையும் கேட்கவில்லை. கேலி செய்தவர்களோடு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அக்காவால் என்னிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர் நிலமும், அவர் எனக்காகச் சுமந்த அந்தப் பழியும். நிலம் என் பிள்ளைகளுக்குப் போகும். பழியை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். மூன்று லிட்டர் சரியான கணக்கு, அக்கா. தப்பு என்னோடது.