சி.டி.யில் மாட்டிக்கொண்ட சரணம்

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை, காலை மணி பத்து இருபது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. துறைமுகப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் சட்டைக் காலர் கழுத்தோடு ஒட்டியது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒன்பதாவது முறையாக அந்த சி.டி.யைப் பழைய லேப்டாப்புக்குள் தள்ளினேன். உள்ளே இரண்டு முறை கரகரத்தது. பிறகு, டிஸ்க் எதுவும் இல்லை என்ற அதே செய்தி.

"இப்போதுதானே போட்டேன், இல்லை என்கிறாயே!" என்று லேப்டாப்பைத் திட்டினேன்.

"இன்னாங்க, அத்தப் போட்டுத் திட்டிக்கினு கீறீங்க? திட்டுனா பாடிடுமா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

அவளுக்குத்தான் அந்தப் பாட்டு வேண்டும். எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குப் பழைய தலைவர் மெட்டமைத்த கிறிஸ்துமஸ் பாட்டு அது. மெட்டு எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. பல்லவி மனைவிக்குத் தெரியும். சரணத்தை அந்த நாளில் வேறொரு அம்மாள் தனியாகப் பாடினாள். இருவரும் இப்போது இல்லை; அவர்கள் பாடியது பதிவான ஒரே சி.டி. இதுதான். நாற்பத்தொரு வருடம் பின்வரிசையில் நின்று பாடிய என் மனைவிக்கு, இந்த வருடம் கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் அந்தச் சரணத்தைத் தனியாகப் பாட ஆசை. இப்போது குழுவை நடத்துகிற கீபோர்டு பெண் முந்தின நாளே சொல்லிவிட்டாள்: "மெட்டு கெடச்சா கண்டிப்பா வெச்சுக்கலாம் ஆன்ட்டி. ஆனா நாளைக்கு ஆறு மணி பிராக்டிஸ்ல லிஸ்ட்ட முடிச்சிடுவேன்."

மகளின் கல்யாண சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் ஓடவில்லை. சரி, பென் டிரைவாவது வேலை செய்கிறதா என்று பார்த்தால், மூன்று ஓட்டைகளில் எதில் செருகினாலும் விளக்குக்கூட எரியவில்லை. மகன் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. நான்கு முறை அணைத்துப் போட்டேன். கல்மண்டபம் ஜெராக்ஸ் கடையில் கேட்டதற்கு, சி.டி. போடுகிற கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டு வெகு நாளாயிற்று என்று சிரித்தார்கள். கடைசியில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டை ரிப்பேர் கடைக்குப் போனேன்.

"குந்து நைனா. இன்னா பேஜாரு?" என்றார் கடைக்காரர். நான் காலையிலிருந்து செய்த அத்தனையையும் வரிசையாகச் சொன்னேன். பாதியிலேயே அவர் டார்ச் அடித்து ஓட்டைகளைப் பார்த்தார். ஊசியால் ஒன்றைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"நைனா, வூட்ல இதுல வடை கிடை சுட்டீங்களா?"

"என்னப்பா பேசுகிறாய்?"

"நீயே மோந்து பாரு. தேங்கா எண்ண. அதுமேல லாரித் தூசு அப்பிக்கினு கீது. சி.டி. தட்டு லென்சு மேலயும் ஒரு சொட்டு. தையல் மிஷினுக்குப் போடுவாங்க, ஃபேனுக்குப் போடுவாங்க. லேப்டாப்புக்குப் போட்டத இப்பத்தான் பாக்கறேன்."

உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.

"லேப்டாப் ஓட்டையில் எண்ணெய் விட்டது யார்?"

"நாந்தான். ஏன்?"

எங்கள் தெருவில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. பூட்டு, கேட்டுக் கீல், ஜன்னல் கொக்கி எல்லாவற்றுக்கும் சனிக்கிழமைதோறும் எண்ணெய் விடுவது அவள் வழக்கம்.

"உள்ள தகரம் தெரிஞ்சுது. துருப் புடிச்சா நீங்கதான கத்துவீங்க? அந்தத் தட்டு வெளிய வரச்சே கரகரன்னுச்சு, அதுக்கும் ஒரே ஒரு சொட்டு வுட்டேன்" என்றாள். பிறகு, "அதனாலதான் பாடலயா?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். "அதெல்லாம் இல்லை. பழைய மிஷின், அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"அம்மாவத் திட்டாத வரைக்கும் நல்லது" என்றார் கடைக்காரர். "எண்ண இருந்தங்காட்டியும் துரு ஏறல. நம்ம ஏரியாவுல இத்தினி வருசத்துக்கு உள்ள பச்சையாப் பூத்திருக்கணும். தொடச்சா வரலாம். கேரண்டி கெடையாது."

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைக்க ஆரம்பித்தார். பதினான்கு குச்சிகள் கறுப்பாகிக் குப்பைக்குப் போயின. காயட்டும் என்று திறந்து வைத்தார். ஊதினால் சீக்கிரம் காயாதா என்று கேட்டேன். "எச்சி தெறிக்கும், கம்முனு குந்து" என்றார்.

இரண்டு பத்துக்குப் பென் டிரைவில் நீல விளக்கு எரிந்தது. மூன்று ஓட்டைகளில் இரண்டு பிழைத்தன. பிறகு சி.டி.யைப் போட்டார். கரகரப்பு, நிசப்தம், மறுபடி கரகரப்பு. அப்புறம் அது சீராகச் சுழல்கிற சத்தம். ஆர்மோனியம் ஆரம்பித்ததும் கடைக்காரர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். சரணம் முடிகிறவரை வாசலில் வந்து நின்ற வேறொரு ஆளையும் கையைக் காட்டி நிறுத்தி வைத்தார். பாட்டைப் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி அதை நின்றுகொண்டே கேட்டாள். இரண்டாவது முறை கூடவே முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஆறு மணிக்குக் கோயிலில், சரணத்தின் மூன்றாவது அடியில் அவள் குரல் உடைந்தது.

"அங்க மேல போகணும் ஆன்ட்டி, கீழ எறங்கிட்டீங்க."

"மூச்சு வாங்குதும்மா."

"அப்ப சுருதியக் கொஞ்சம் எறக்கிக்கறேன். இன்னொரு தபா வாங்க."

இன்னொரு தபாவில் குரல் மேலே போயிற்று; போய், அங்கேயே நின்றது. அந்தப் பெண் குனிந்து பட்டியலில் நான்காவது பாட்டாக அதை எழுதினாள். பின்வரிசைப் பெண்கள் இருவர் விசிலடித்தார்கள், கோயிலுக்குள். மனைவி கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்து, "இன்னா அங்க குந்திக்கினு தலய எண்றீங்க? எல்லாருக்கும் டீ வாங்கியாங்க" என்றாள்.

எண்ணித்தான் வைத்திருந்தேன், பத்தொன்பது பேர். டீக்கு இருநூற்று இருபத்தெட்டு, ரிப்பேருக்கு நானூறு, ஷேர் ஆட்டோ போக வர நாற்பது. ஆக மொத்தம் அறுநூற்று அறுபத்தெட்டு ரூபாய்.