கை வலி போயிடுச்சுபா

ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். சுடுகாட்டு ஓரமாக வண்டியை நிறுத்திப் படுத்திருக்கிறேன், ஆள் அடிபட்ட இடத்தில் உட்கார்ந்து டயர் மாற்றியிருக்கிறேன், எதுவும் வந்து என் காலைப் பிடித்ததில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், பெங்களூர் ஹைவேயில்.

யாக்கோபு அண்ணனும் நானும் ஒரே வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். இரண்டு பேருக்கும் ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓரிக்கை. புனேயிலிருந்து கார் உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு ஒரகடம் கம்பெனிக்கு வருவோம். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். ஒன்பது வருஷம் இப்படி. என் பெண்டாட்டியோடு இருந்ததைவிட அவரோடு இருந்த நாள்தான் அதிகம். அடுப்பு பற்றவைத்து ரோட்டோரம் சமைத்தால் முதல் தட்டு எனக்குத்தான் போடுவார்.

அன்றைக்குக் கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அடுத்து ஓட்ட வேண்டியது அவர்.

"முருகா, இடது கை ஒரு மாதிரி இழுக்குதுபா. வேலூர் வரைக்கும் நீயே ஓட்டேன்."

விடியற்காலையில் தும்கூரிலிருந்து நான்தான் ஓட்டி வந்திருந்தேன், கண் எரிந்தது, வெயில் வேறு. "உங்க டர்ன் வந்தா மட்டும் கை இழுக்கும், கால் இழுக்கும். நான் இன்னா மிஷினா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் அவருக்கு முன்னால் வண்டியில் ஏறி, போனை சைலண்டில் போட்டு, பலகையில் படுத்து, திரையை இழுத்துவிட்டேன்.

ஆம்பூர் தாண்டி எங்கேயோ வண்டி நின்றது, கதவு திறந்து மூடியது, டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே கண் அசந்துவிட்டேன். மறுபடி முழிப்பு வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"முருகா, தூங்கிக்கினு இருக்கியா?"

அவர் குரல்தான். திரை இடுக்கில் அவருடைய நீலச் சட்டைக் கை தெரிந்தது, ஸ்டியரிங் மேல். நான் பதில் சொல்லவில்லை.

"கோவமாபா? கை வலி போயிடுச்சுபா. இப்ப ஒண்ணுமே தெரியல." கொஞ்ச தூரம் போனதும், "ஊரு வந்துடப் போவுது. ஒரு வார்த்தை பேசேன்" என்றார்.

முழித்திருந்தேன், சத்தியமாக முழித்திருந்தேன். இன்னும் ஒரு தடவை அவர் கெஞ்சட்டும், அப்புறம் பேசலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கெஞ்சவில்லை. நானும் அப்படியே தூங்கிப்போனேன்.

வியர்த்துக்கொட்டி எழுந்தபோது வண்டி காஞ்சிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், திருப்புட்குழிக்குப் பக்கத்தில் சாலையோரமாக நின்றிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, சாவி வண்டியிலேயே இருந்தது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. ஒதுங்கப் போயிருப்பார் என்று பத்து நிமிஷம் பார்த்தேன். அப்புறம் போனை எடுத்தால் பதினேழு மிஸ்டு கால், எல்லாம் அண்ணன் நம்பரிலிருந்து. திரும்பக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்.

"லாரிக்காரரா? நான் பள்ளிகொண்டா பக்கம் டீக்கடை வெச்சிருக்கேன் சார். உங்க ஆளு டீ கிளாஸ கையில வாங்கினாரு, அப்படியே பெஞ்சில சாஞ்சிட்டாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு சார். திரும்பிப் பாத்தா உங்க வண்டிய காணோம். கூட வந்தவன இப்படியா சார் விட்டுட்டுப் போவீங்க?"

நம்பினால் நம்புங்கள். அண்ணன் விழுந்தது மூன்று மணிக்கு. எங்கள் லாரி வாலாஜா டோல்கேட்டைத் தாண்டியதாக முதலாளி போனுக்கு மெசேஜ் வந்தது நாலே காலுக்கு. அந்தக் கடையிலிருந்து திருப்புட்குழி எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

போலீஸ் கேட்டது, முதலாளி கேட்டார், நடந்ததைச் சொன்னேன். கோபத்தில் நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது பயத்தில் கதை சொல்கிறேன் என்றுதான் எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். அடக்கத்தன்று ஸ்டெல்லா அண்ணி என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை. "ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூட நீ இல்லியே முருகா" என்றார்கள். தூக்கத்தில் நானே ஓட்டி வந்தேனோ என்றுகூட நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து வேறொரு டிரைவரோடு வாலாஜா டோல்கேட்டில் நின்றேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு எங்கள் இரண்டு பேரையும் பல வருஷமாக முகப் பழக்கம். "எங்கணா, உங்ககூட வருவாரே, அவரு வரலியா?" என்று கேட்டது. விஷயம் தெரியாது போலிருக்கிறது. கடைசியாக அவரை எப்போது பார்த்தாய் என்று கேட்டேன்.

"மூணு மாசம் முன்ன ஒருநா ஃபாஸ்டேக் படிக்கலன்னு நான்தானே மெஷினோட வெளிய வந்தேன்? சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவரு ஓட்டிக்கினு வந்தாரு. நீங்க பக்கத்து சீட்ல உக்காந்து அழுதுக்கினே இன்னாமோ சொல்லிக்கினு இருந்தீங்க. அவரு தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கினு இருந்தாரு. வீட்டு விஷயமா இருக்கும்னு நான் எதுவும் கேக்கலணா."

பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்துவிட்டோம்.

நான் அந்தப் பலகையை விட்டு இறங்கவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்காரவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்படி இல்லை, பேசினேன் என்றால், அவரிடம் அழுதுகொண்டே நான் என்னதான் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.