நூறு கிலோவும் இரண்டு விரற்கடையும்

போன சனிக்கிழமை குளுவாங்கில் நடந்த போட்டியில் நூறு கிலோவைத் தூக்கினேன்.

அரிசி மூட்டையாக இல்லை. ஒரே இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் எடைத் தட்டுகள், தரையிலிருந்து தொடை வரைக்கும். மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் தூக்கியது செல்லும் என்று வெள்ளை விளக்குப் போட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்?

கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காஸ்வே பாலத்து நெரிசலையும் மீன் விலையையும் வாராவாரம் இந்தப் பத்தியில் புலம்பித் தீர்த்தவளுக்கு ஒரு வாரம் பீற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஜொகூர் தெப்ராவில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் கியூசி சூப்பர்வைசர். அதாவது, அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். எலும்பு பலமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மூன்று வருடத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்தேன். டயர் கடைக்குப் பக்கத்து ஷாப்லாட்டில், ஒரு கடை அளவு இடம். "ஏங்க்கா, வீட்ல கேஸ் தோங் தூக்குறது பத்தலையா?" என்று ஃபேக்டரிப் பிள்ளைகள் கேஸ் சிலிண்டரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். நான் போய் டெட்லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். குனிய வேண்டும், கம்பியைப் பிடிக்க வேண்டும், நிமிர வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

போன வருடம் தொண்ணூற்றைந்து கிலோ தூக்கினேன். ஜிம்மே ஆரவாரம் செய்தது. மறுநாள் காலை கட்டிலை விட்டு எழ முடியவில்லை. முதுகின் கீழே, இடது பக்கம், ஆணி அடித்து வைத்த மாதிரி ஒரு வலி. இரண்டு வாரம் எம்சி, மருத்துவ விடுப்பு. பாத்ரூமுக்குக்கூட என் வீட்டுக்காரர்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். பிசியோதெரபிஸ்ட் நிதானமாகச் சொன்னார் — "இன்னொரு தடவ இப்படிப் பிடிச்சா, கனமான வெயிட்ட மறந்துருங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். வலிக்காக இல்லை. பிள்ளைகளுக்காகச் சமைத்தேன், வீட்டுக் கடனுக்காக ஓவர்டைம் பார்த்தேன், நாத்தனார்களுக்காகச் சிரித்தேன். எனக்கே எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் இந்த இரும்பைத் தூக்குவதுதான். அதுவும் போய்விடுமோ என்று பயந்தேன்.

முதுகு தேறி மறுபடி ஜிம்முக்குப் போனபோது கோச் ஒரு நிபந்தனை போட்டாள். கோச் பெயர் தர்ஷினி. வயது இருபத்தொன்பது. என்னை அக்கா என்பாள்... திட்டும்போதும் அக்காதான்.

"இனிமே ஒவ்வொரு தூக்கும் வீடியோ எடுக்கணும்க்கா. நேர்ல பாத்தா ஒரு நொடில முடிஞ்சிருது. நிறுத்தி நிறுத்திப் பாத்தாதான் எங்க கோணுதுன்னு தெரியும்."

"வீடியோவா? அத என்கிட்ட விடுங்க!" என்று துள்ளிக் குதித்தார் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் சேகர் கல்யாண வீடியோ எடுப்பவர். இருபது வருட சர்வீஸ். ஜொகூரில் பாதித் தாலி தன் கேமரா முன்னால்தான் கட்டப்பட்டது என்று சொல்லிக்கொள்வார். அதில் கால்வாசியை நம்பலாம்.

அவர் எடுத்த முதல் வீடியோவைப் பார்க்க வேண்டுமே! என் முகம் மட்டும் திரை முழுக்க. நெற்றியில் வியர்வை உருண்டு வருகிறது, ஸ்லோமோஷனில். பிறகு வளையலுக்கு ஒரு குளோஸ்-அப். பிறகு பக்கத்தில் நின்றவர்கள் பரவசத்தோடு பார்க்கிறார்கள். கடைசியில் ரோஜா இதழ் கொட்டுகிறது. பின்னணியில் நாதஸ்வரம். தூக்கிய எடை மட்டும் எங்கேயும் காணோம்.

தர்ஷினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணே, அக்கா இந்தக் கம்பியக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குண்ணே!"

அப்புறம் சட்டம் சொன்னாள். பக்கவாட்டில் நிற்க வேண்டும். இடுப்பு உயரத்தில் கேமரா. தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். ஆடக் கூடாது, அசையக் கூடாது, ஜூம் கூடவே கூடாது. அவர் முகம் தொங்கிப் போய்விட்டது. "மூஞ்சி இல்லாம என்ன வீடியோ?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் பக்கவாட்டில் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். கோச் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் எனக்கு எதிரே இன்னொன்றையும் வைத்துவிட்டார். கல்யாண வீட்டில் எப்போதும் இரண்டு கேமராவாம்.

தன்னையே வீடியோவில் பார்ப்பது இருக்கிறதே... அது ஒரு தண்டனை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மூடியை உற்றுப் பார்க்கும் எனக்கு, என்னை முப்பது நொடி பார்க்க முடியவில்லை. நான் இவ்வளவு குண்டா? நிற்கிற லட்சணமா இது?

"அக்கா, தொப்பையப் பாக்காதீங்க. முதுகப் பாருங்க" என்றாள் தர்ஷினி.

பார்த்தேன். அறுபது கிலோவில் முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது. எழுபதிலும் அப்படியே. எண்பத்தைந்துக்குப் போனதும் வலது இடுப்பு முந்திக்கொண்டு எழுந்தது, உடம்பு ஒரு பக்கமாகத் திருகியது. இடது பக்கம் பழைய இடத்தில் சுருக்கென்றது. வலது இடுப்புதான் குற்றவாளி என்று கோச் முடிவு செய்தாள். ஒற்றைக் காலில் நின்று குனியும் பயிற்சி, பெல்ட், புது ஷூ என்று எதையும் விடவில்லை. வாரக்கணக்கில் கொக்கு மாதிரி நின்றேன். அறுபதும் எழுபதும் அழகாக வந்தன. எண்பத்தைந்து வந்தால் மறுபடி திருகல்.

குளுவாங் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். தர்ஷினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா உங்க பேர எடுத்துருவேன். மெடல் இன்னொரு வருசம் வாங்கிக்கலாம். முதுக வாங்க முடியாது லா."

அவள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்னும் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே வைத்த கேமராவின் பதிவை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் பதிவில் ஒவ்வொரு தூக்குக்கும் முன்னால் நீளமாக ஒரு வால் இருக்கும். நான் நடந்து வருவது, மூச்சு விடுவது, சட்டையை இழுத்து விடுவது... எல்லாம்.

"இத ஏன் எடுக்குறீங்க? நான் தூக்கும்போது பட்டன அமுக்குனாப் போதும்னு கோச் சொன்னாங்கள்ல?"

"தாலி கட்டுற நேரத்துல போய் பட்டனத் தேடுனா பொழப்பு போச்சு. எப்பவும் முன்னாடியே ஓட விட்டுறணும்" என்றவர், திரையைக் காட்டிச் சிரித்தார். "பாரு, இங்கயும் கோயில் கட்டிட்ட நீ!"

திரையில் நான் குனிந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறேன். பிறகு வலது கையை மட்டும் எடுத்து, கம்பியைத் தொட்டு, கண்ணை மூடி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறேன். கை மறுபடி கம்பிக்குப் போகிறது. தூக்குகிறேன்.

இதில் என்ன அதிசயம்? பஸ் ஏறினால் படியைத் தொட்டுக் கும்பிடுவோம். புது வண்டி எடுத்தால் ஸ்டீயரிங்கைக் கும்பிடுவோம். கனமான இரும்பைக் கும்பிடாமல் எப்படி?

"நிறுத்துங்க" என்றேன். "கொஞ்சம் பின்னால போங்க."

கம்பியில் இரண்டு பக்கமும் ஒரு வழவழப்பான வளையக் கோடு இருக்கும். இரண்டு கையும் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும், அதுதான் அளவு. என் இடது கை கோட்டின் மேலேயே இருந்தது. கும்பிட்டுத் திரும்பிய வலது கையோ கோட்டைத் தாண்டி, இரண்டு விரற்கடை வெளியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வைத்த கை வேறெங்கே போய் உட்காரும்?

"எழுவது கிலோவப் போடுங்க."

எழுபதில் கும்பிடு இல்லை. இரண்டு கையும் கோட்டில்.

"எண்பத்தஞ்சப் போடுங்க."

கும்பிடு. வலது கை வெளியே. தூக்கும்போது வலது தட்டு முதலில் கிளம்புகிறது, இடது தட்டு பின்தங்குகிறது. அதை இழுக்கப் போய்த்தான் உடம்பு திருகுகிறது.

எண்பது, எண்பத்தேழரை, தொண்ணூறு என்று எல்லாவற்றையும் போடச் சொன்னேன். வெங்காயத்தை மறந்துவிட்டேன். கும்பிட்ட தூக்கெல்லாம் கோணல், கும்பிடாத தூக்கெல்லாம் நேர். லேசான எடைக்கு நான் சாமியைத் தொந்தரவு செய்வதில்லை. பயம் வந்தால்தான் கும்பிடுவேன். பயம் வருவதோ கனமான எடைக்கு. அதனால்தான் கனத்தில் மட்டும் கோணல்!

பக்கவாட்டுப் பதிவைக் கம்பி கிளம்புவதிலிருந்துதான் பார்ப்போம், அதிலும் தட்டு கையை மறைத்துவிடும். அது மட்டுமா? கனமான நாளில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் தூள் என் இமை இரண்டிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஜிம்மே பார்த்துச் சிரித்திருக்கிறது. ஆதாரத்தைக் கண்ணில் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் குற்றவாளியைத் தேடியிருக்கிறேன்.

என் ஆபரேட்டர் பிள்ளைகளிடம் தினமும் சொல்வேன் — மூடி வெடிப்பது பேக்கிங்கில் தெரியும், ஆனால் கோளாறு அச்சில் சூடு ஏறும் இடத்திலேயே நடந்திருக்கும். கோளாறு தெரியும் இடத்தில் போய்க் கத்தாதீர்கள், முன்னால் போய்ப் பாருங்கள் என்று. ஊருக்குத்தான் உபதேசம்! வலித்தது முதுகில். திட்டியது இடுப்பை. தப்பு நடந்தது அதற்குப் பத்து நொடி முன்னால், கையில். யோசித்துப் பார்த்தால், வீட்டுச் சண்டைகளும் இப்படித்தான் இல்லையா? நாம் கத்துவது ஒரு விஷயத்துக்கு. அது ஆரம்பித்தது காலையில் வேறெங்கோ.

மறுநாள் தர்ஷினியிடம் காட்டினோம். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"அலமாக்! அக்கா, பாவம் உங்க இடுப்பு. எத்தன திட்டு வாங்கிருச்சு!" அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா... சாமி விஷயம். கும்பிடாதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

"கும்பிட வேணாம்னு யாரு சொன்னா? முன்னாடியே கும்பிட்டுட்டு வரேன்" என்றேன்.

அன்று முதல் முறை மாறியது. நின்றபடி கும்பிடு. பிறகு சாக். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டு கையும் கோட்டில். அந்த வாரமே எண்பத்தைந்து நேராக எழுந்தது. இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டன, ஒரே சத்தத்தோடு இறங்கின. என் பெயர் பட்டியலில் நின்றது. எதிர்க் கேமராவுக்கும் அதிகாரபூர்வமாக அனுமதி கிடைத்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே... மாப்பிள்ளை தோற்றார்.

இப்போது குளுவாங். முதல் தூக்கு எண்பத்தேழரை, தூசி. இரண்டாவது தொண்ணூற்றைந்து. முதுகை உடைத்த அதே எடை. எழுந்தது. எங்கேயும் சுருக்கென்று இல்லை.

மூன்றாவது நூறு. மேடைக்குப் போனேன். நின்று கும்பிட்டேன், குனிந்தேன், கையைக் கோட்டில் வைத்தேன். எல்லாம் சரி. அப்போது பயம் வந்தது பாருங்கள்... நான் அறியாமலே வலது கை கம்பியை விட்டுக் கிளம்பிவிட்டது. கண்ணை மூடினேன், ஒற்றிக்கொண்டேன், கை திரும்பி வந்தது.

"கோடு! அக்கா, கோடு!" மேடைக்குக் கீழேயிருந்து தர்ஷினி அலறினாள்.

கண்ணைத் திறந்தேன். குனிந்து பார்த்தேன். வலது கை, அதே இரண்டு விரற்கடை வெளியே. ஒரு நிமிடக் கெடுவுக்கு ஓடும் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. கையை நகர்த்தினேன், சுண்டு விரலைக் கோட்டில் அழுத்தினேன். மூச்சை இழுத்தேன். தரையைக் காலால் தள்ளினேன்.

கம்பி கிளம்பியது. நேராக! முழங்காலைத் தாண்டியது. நிமிர்ந்தேன். நடுவர் கையை இறக்கும்வரை அந்த நூறு கிலோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அத்தனை உயரமாக நான் நின்றதில்லை.

பதக்கம், படம், நாசி பிரியாணி எல்லாம் முடிந்து வீடு வந்தோம். ஆனால் எனக்குத் தெரியும், போட்டி இன்னும் முடியவில்லை. போன வருடமும் தூக்கிய அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கண் விழித்தும் ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்தேன். பயம். மெதுவாகப் புரண்டேன். காலைத் தரையில் வைத்தேன். எழுந்தேன். அறை நடுவில் நின்று, குனிந்து, கால் விரலைத் தொட்டேன்.

"ஏங்க... வலிக்கல."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே விழித்திருக்கிறார். "இன்னொரு தடவ குனி" என்றார். குனிந்தேன். "இன்னும் ஒரே தடவ." குனிந்து நிமிர்ந்தேன். கலங்கிய கண்ணோடு தனியாகக் கைதட்டத் தொடங்கினார்.

நூறு கிலோவுக்கு மண்டபமே தட்டியது, எனக்குக் காதில் விழவில்லை. வெறுங்கையோடு நிமிர்ந்ததற்கு ஒரே ஒருவர் தட்டினார் — இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.